என் பெயரில் நீ அடித்த கோல்

பெரம்பூர், சென்னை
12 ஜூன் 2025

பாசிலுக்கு,

ஸலாம். உன் எண்ணுக்குப் போன் செய்தால் மணி அடிக்காமலே துண்டிக்கப்படுகிறது. ரிஹானாவின் போனிலிருந்தும் முயன்றேன். என் மனைவியின் எண்ணையும் நீ தடுத்து வைத்திருக்கிறாய். அதனால் காகிதம். தமிழில் ஒரு முழுப் பக்கம் எழுதி எத்தனை வருடம் ஆயிற்று என்று தெரியவில்லை. ஆட்டோகிராப் மட்டும்தான் போட்டிருக்கிறேன். அதுவும் உன் பெயரை.

பெருநாளன்று அம்மாவிடம் பேசினேன். பின்னால் உன் குட்டியானை வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. பெருநாளன்றும் லோடா என்று கேட்டேன். "அவன் எப்ப வீட்ல இருந்தான் பெரியவனே" என்றாள். அதற்கு மேல் உன்னைப் பற்றி அவளிடம் கேட்க எனக்குத் தைரியம் வருவதில்லை.

மூன்று தாள் கிழித்துவிட்டேன். பதினெட்டு வருடமாக நமக்குள் வாய்விட்டுச் சொல்லாததை முதலில் எழுதிவிடுகிறேன். நான் வாஹித், 1992 மே மாதம் பிறந்த மூத்தவன். நீ பாசில், 1995 ஜனவரியில் பிறந்தவன். விளையாட்டு விடுதியில் சேர எனக்கு வயது கூடிவிட்டது என்பதால் உன் பிறப்புச் சான்றிதழையும் உன் டி.சி.யையும் எடுத்துக்கொண்டு போனேன். அன்றிலிருந்து கிளப்புக்கும் பாஸ்போர்ட்டுக்கும் ஊருக்கும் நான்தான் பாசில். நீ வாஹித்.

இப்போது விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்திருக்கும் இந்த அரசாங்க வேலை என்ன வேலை தெரியுமா? கோப்புகளை ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குக் கொண்டு போகிறேன். படி ஏறினால் இடது முட்டி பூட்டிக்கொள்கிறது. யாராவது விருந்தாளி வந்தால் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, "இவர் யார் தெரியுதா?" என்று கேட்பார். யாருக்கும் தெரிந்ததில்லை. அவர்களும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். பதினோரு சீசன், ஆறு கால்பந்து கிளப்புக்கு ஆடியவனின் புகழ் இப்போது அவ்வளவுதான்.

அலுவலகத்துக்கு ஒரு மனு வந்திருக்கிறது. அனுப்பியவன் பாண்டீஸ்வரன். தேவகோட்டையில் நம் பள்ளியில் என்னோடு ஆடியவன். விடுதித் தேர்வில் கடைசி ஒரு இடத்துக்கு அவனும் நானும் நின்றோம். அவனுக்கு உண்மையாகவே பதிமூன்று வயது. எனக்குப் பதினைந்து. பந்தை விட்டுவிட்டு ஆளைத் தோளால் இடித்தேன். விழுந்தான். என்னை எடுத்துக்கொண்டார்கள். அவன் இப்போது எழுதியிருக்கிறான், இந்த ஆள் பாசிலே இல்லை என்று. அந்த மனுவில் பொய்யென்று ஒரு வரிகூட இல்லை.

ஜூலை கடைசியில் ஓர் அதிகாரி கோட்டையூருக்கு வருவார். வீட்டில் மூத்தவன் யார் என்று விசாரிப்பார். கையில் ஓர் உறுதிமொழிப் பத்திரம் இருக்கும். நீதான் வாஹித், நீதான் மூத்தவன், நான் உன் தம்பி என்று அதில் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் வேலை போகும், ஆள்மாறாட்டம் என்று வழக்கும் வரும். இந்த விசாரணை அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். ரிஹானாவுக்கு எதுவும் தெரியாது. கல்யாணமாகி ஏழு வருடமாக அவளுக்கு நான் பாசில்தான்.

கேட்க எனக்கு முகம் இல்லை. கேட்கிறேன்.

அண்ணன்


கோட்டையூர்
21 ஜூன் 2025

அண்ணன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கடைசியில் கேட்டதைக் கேட்பதற்காகத்தான் அதற்கு முன்னால் அத்தனை பத்தி என்று புரிந்தது. நீங்கள் ஆட்டத்திலும் அப்படித்தான். மைதானம் முழுக்கச் சுற்றிவிட்டு இடது பக்கமாக வந்து நிற்பீர்கள்.

"உன் டி.சி.யையும் எடுத்துக்கொண்டு போனேன்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த வரிக்குப் பிறகு இந்த வீட்டில் என்ன நடந்தது என்று ஒருநாளாவது கேட்டதுண்டா? நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன்.

உங்களுக்குப் பந்து சொல்லிக்கொடுத்த காளிராஜ் மாஸ்டர், அத்தா வேலை பார்த்த பரோட்டாக் கடைக்கே வந்து பேசினார். நான் கல்லுக்குப் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வயது. ஆறாம் வகுப்பு முடித்திருந்தேன். "சின்னவன் பேப்பரக் குடுத்து விடுங்க பாய். ரெண்டு வருசந்தான், அப்பறம் மாத்திக்கிறலாம். எல்லாப் பயலுகளும் இப்படித்தான் போறாய்ங்க" என்றார். அத்தா கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அப்பச் சின்னவன் எதைக் காட்டிப் படிப்பான்?"

மாஸ்டர் சிரித்தார். "பெரியவன் பேப்பரு வீட்ல சும்மாதான கெடக்கு."

சும்மா கிடந்தது எட்டாம் வகுப்பு முடித்ததற்கான உங்கள் டி.சி. அதைக் காட்டினால் ஒன்பதாம் வகுப்பில்தான் சேர்ப்பார்கள். தேவகோட்டையில் எல்லோருக்கும் நம்மைத் தெரியும் என்பதால் அத்தா வீட்டையே கோட்டையூருக்கு மாற்றினார். ஏழும் எட்டும் படிக்காத என்னைக் கொண்டு போய் மீசை முளைத்த பையன்களோடு ஒன்பதாம் வகுப்பில் உட்கார வைத்தார். முதல் வாரம் முழுக்க எனக்கு ஆப்சென்ட் போட்டார்கள். வருகைப் பதிவில் 'வாஹித்' என்று கூப்பிட்டபோது அது நான்தான் என்று எனக்கு உறைக்கவில்லை. கணக்கு வாத்தியார் பலகையில் எக்ஸ் என்று எழுதினார். அதைப் பெருக்கல் குறி என்று நினைத்துக்கொண்டு, எதோடு எதைப் பெருக்க வேண்டும் என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. "பதினஞ்சு வயசாகுது, கழுத மாதிரி வளந்திருக்க, இதுகூடத் தெரியலையாடா" என்றார். நான் அந்த வகுப்பிலேயே குட்டை. அவர் என்னைப் பார்க்கவில்லை, பதிவேட்டைப் பார்த்துத்தான் பேசினார்.

ஆறாம் வகுப்பில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவன் நான். பத்தாம் வகுப்பில் தமிழ் தவிர எல்லாப் பாடத்திலும் தோற்றேன். அடுத்த வருடம் உங்கள் சான்றிதழ்படி எனக்குப் பதினெட்டு முடிந்தது. உண்மையில் பதினைந்து. ஓட்டுநர் உரிமம் கொடுத்துவிட்டார்கள். பிரேக்கை மிதிக்க சீட்டின் நுனியில் உட்கார வேண்டியிருந்தது.

இப்போது என்ன ஏற்றுகிறேன் தெரியுமா? ஆளில்லாத பெரிய வீடுகளில் பெயர்த்தெடுத்த கதவு, தூண், ஓடு. அந்த வீட்டுக்காரர்களுக்குப் பிள்ளை பந்து விளையாட ஆசைப்பட்டால் கோச்சை வீட்டுக்கே வரவழைப்பார்கள். நம் வீட்டில் ஒரு பிள்ளை விளையாடுவதற்கு இன்னொரு பிள்ளையை எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. நான் அத்தாவைத் திட்டவில்லை. பரோட்டா போட்டுக்கொண்டிருந்த மனுசனிடம் வந்து எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று சொன்னவர்களைத் திட்டுகிறேன். அவர்கள் கோப்பையோடு போட்டோவில் நிற்கிறார்கள்.

அத்தா மௌத்தான அன்று சாயங்கால அஸர் தொழுகை வரை அடக்காமல் வைத்திருந்தோம். மூத்த மகன் வரட்டும் என்று அம்மா சொன்னாள். இனிமேல் வைத்திருக்கக் கூடாது என்று ஜமாஅத்தில் சொல்லிவிட்டார்கள். நீங்கள் மறுநாள் காலை வந்தீர்கள். பிளேன் கிடைக்கவில்லை என்றீர்கள். வந்த இடத்தில் நாலு பேர் உங்களோடு செல்பி எடுத்தார்கள். நீங்கள் நின்றீர்கள். அன்றைக்குத்தான் உங்கள் எண்ணைத் தடுத்தேன்.

அதிகாரி வரட்டும். இருப்பதை இருப்பதாகச் சொல்வேன்.

தம்பி


பெரம்பூர்
2 ஜூலை 2025

பாசிலுக்கு,

நீ எழுதியதை ஐந்தாறு முறை படித்தேன். ஒன்பதாம் வகுப்பில் உட்கார வைத்தது எனக்குத் தெரியாது என்று எழுதத் தொடங்கினேன். பிறகு யோசித்தேன். என் டி.சி. எட்டாம் வகுப்பு டி.சி. என்று எனக்குத் தெரியும். நீ ஆறாம் வகுப்பு என்றும் தெரியும். இரண்டையும் சேர்த்து நினைத்துப் பார்க்கவில்லை. விடுதியில் காலையில் முட்டை கொடுத்தார்கள், பூட்ஸ் கொடுத்தார்கள். யோசிக்காமல் இருப்பது எளிதாக இருந்தது.

என் பக்கத்தையும் சொல்கிறேன். நியாயப்படுத்த அல்ல.

2016-இல் கொல்கத்தாவில் அந்த கோல். எண்பத்தெட்டாவது நிமிடம், பெனால்டி பெட்டியின் இடது மூலை, மழை. பந்து உள்ளே போனதும் அரங்கம் முழுக்க எழுந்து உன் பெயரைக் கத்தியது. பாசில், பாசில், பாசில். ஐம்பதாயிரம் பேர். கையை விரித்துக்கொண்டு ஓடினேன். ஓடும்போதே எனக்குத் தோன்றியது, இவர்கள் கூப்பிடுவது என்னை இல்லை, கோட்டையூரில் இருக்கும் என் தம்பியை என்று. அன்றிலிருந்து கைதட்டல் கேட்டால் எனக்கு யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு பிடிபட்டதுபோல் இருக்கும். யாரிடமும் சொல்ல முடியாது. அணியில் ஒருவனோடும் நெருங்கிப் பழகியதில்லை. நெருங்கினால் பிறந்தநாள் கேட்பார்கள். ஜனவரியில் கேக் வெட்டும்போது ஒவ்வொரு வருடமும் உன்னை நினைப்பேன். போன் செய்து வாழ்த்தியதில்லை.

அந்த இரண்டரை வருடம் என் உடம்பில் மிச்சம் இருந்தது. மற்றவர்களுக்கு இருபத்தெட்டில் தேய்வது எனக்கு இருபத்தைந்தில் தேய்ந்தது, அதாவது காகிதத்தில் இருபத்தைந்தில். இந்த வயதில் வேகம் ஏன் குறைகிறது என்று ஒரு வெளிநாட்டுக் கோச் கேட்டுக்கொண்டே இருந்தார். சோம்பேறி என்று முடிவு கட்டினார். முட்டிக்குள் ஊசி போட்டு ஆட வைத்தார்கள். ஸ்கேன் எடுத்த டாக்டர், முப்பது வயது முட்டி இப்படி இருக்கக் கூடாதே என்றார். அவரிடம்கூட உண்மையான வயதைச் சொல்லவில்லை. தவறான வயதுக்குத்தான் மருந்து எழுதிக் கொடுத்தார்.

அத்தா விஷயம். பிளேன் கிடைக்கவில்லை என்பது பொய். காலை ஒன்பது மணிக்கு அம்மா சொன்னாள். கோச் போகச் சொன்னார், டிக்கெட்டும் இருந்தது. ஒப்பந்தம் முடிகிற மாதம். அன்றைய ஆட்டத்தைப் பார்க்க வேறொரு கிளப்பிலிருந்து ஆள் வருவதாகச் சொன்னார்கள். அதனால் இருந்தேன். தொண்ணூறு நிமிடமும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கடைசிவரை என்னை இறக்கவில்லை. அத்தாவை நீங்கள் தூக்கிக்கொண்டு போன நேரத்தில் நான் ஜாக்கெட் போட்டு உட்கார்ந்திருந்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

காளிராஜ் மாஸ்டருக்கு போன வாரம் போன் செய்தேன். யார் பேசுறது என்றார். பாசில் என்றேன். "எந்தப் பாசிலு?" என்றார். எத்தனை பாசிலை அவர் உண்டாக்கினாரோ.

நீ உண்மையைச் சொன்னால் நான் உன்னைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த ஒரு முறை மட்டும் என்று இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். எனக்கு வேறு வேலை தெரியாது. ஓடத்தான் தெரியும், ஓட முடியாது.

அண்ணன்


கோட்டையூர்
11 ஜூலை 2025

அண்ணே,

நீ இப்படி எழுதியிருக்கக் கூடாது. பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை எழுதியிருக்கவே கூடாது. பிளேன் கிடைக்கவில்லை என்ற பொய்யோடு உன்னை வெறுப்பது எனக்கு வசதியாக இருந்தது.

அந்த கோல் விழுந்தபோது நான் செக்காலை ரோட்டில் ஒரு டீக்கடையில் நின்றேன். கிரிக்கெட் இல்லாத நாள், அதனால் டிவியில் உன் ஆட்டம் ஓடியது. கடைக்காரர் முருகப்பன் அண்ணனுக்குப் பந்தாட்டமே பிடிக்காது. பந்து உள்ளே போனதும், "யாருப்பா இந்தப் பாசிலு, நம்ம பக்கத்து ஆளாமுல்ல" என்றார். என் தம்பி என்றேன். உன்னைத் தம்பி என்றேன், அண்ணே. அவர் எனக்கு டீக்குக் காசு வாங்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் பெயர் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. ஐம்பதாயிரம் பேர் என் பெயரைக் கத்துகிறார்கள். நான் கோட்டையூரில் ஓடு இறக்குகிறேன். கோபமா சந்தோஷமா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

என் நிக்காஹ் உனக்கு நினைவிருக்காது, நீ வரவில்லை. பள்ளிவாசல் ஹஜ்ரத் பதிவேட்டில் வாஹித் என்று எழுதினார். அத்தா அவர் காதருகே குனிந்து, ஒப்பந்தம் சொல்லும்போது பாசில் என்று சொல்லுங்கள், வீட்டில் கூப்பிடுகிற பெயர் என்றார். அரசாங்கத்திடம் பொய் சொன்ன மனுசனுக்கு அல்லாஹ்விடம் சொல்லப் பயம். மறுநாளே பர்வீன் கேட்டாள், "நா கட்டிக்கிட்டது யாரை?" அவளுக்கு மட்டும் எல்லாம் சொன்னேன்.

உன் கடிதங்களை அவளும் படித்தாள். "கையெழுத்தப் போட்டுட்டு வாங்க. அவுக வேல போச்சுன்னா இங்குட்டுத்தான் வந்து விழுவாக. அப்பறம் உங்க அண்ணன் காலையில எந்திரிச்சுப் பந்த எத்திக்கிட்டு நிப்பாக, நா சோறு ஆக்கணும்" என்றாள். சிரித்துவிட்டேன். பிறகு கோபம் வந்தது. என்னைப் பற்றி அவளும் பேசவில்லை பார்.

நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. இனி எழுத வேண்டாம். எழுதினால் நான் இளகிவிடுவேன். இளகிச் செய்வதெல்லாம் நம் வீட்டில் நாசமாகத்தான் போயிருக்கிறது.

பாசில்


கோட்டையூர்
23 ஜூலை 2025

அண்ணே,

மாதக் கடைசியில் வருவதாக எழுதியிருந்தாய். அதிகாரி வேறு வேலையாக இந்தப் பக்கம் வந்தவர், நேற்றே வீட்டுக்கு வந்துவிட்டார். அம்மா தேவகோட்டைக்குப் போயிருந்தாள், நல்லதாகப் போயிற்று.

மிரட்டுகிற ஆள் வருவார் என்று நினைத்துத் தயாராக இருந்தேன். இவர் செருப்பை வாசலில் கழற்றினார். பர்வீன் கொடுத்த டீயைக் குடித்தார். உன் ஆட்டத்தைப் பார்த்தவராம். "அந்தக் கொல்கத்தா கோல் இருக்கே, நான் வீட்ல எழுந்து நின்னுட்டேன் சார்" என்றார். என்னை சார் என்று கூப்பிட்டவர் யாரும் இல்லை. பிறகு கேட்டார், "உங்க தம்பி பாசில் சின்ன வயசுல எப்படி? நீங்கதானே பெரியவர், சொல்லுங்க."

அந்த இடத்தில்தான் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தேன். வேறு வந்தது.

பாசில் கணக்கில் கெட்டிக்காரன் என்றேன். ஆறாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு என்றேன். பரோட்டாக் கடையில் எத்தனை டேபிளுக்கு எவ்வளவு என்று தாள் இல்லாமல் சொல்லுவான், அதைக் கேட்கவே சிலர் வருவார்கள் என்றேன். இரவு படுக்கும்போது நான் பேங்கில் வேலை பார்ப்பேன் என்பான் என்றேன். அதிகாரி ஆச்சரியப்பட்டார். அப்படியா, பந்து மட்டும்தான் என்று நினைத்தேன் என்றார். நான் நிறுத்தவே இல்லை. பதினெட்டு வருடத்தில் பாசிலைப் பற்றி என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர். அரை மணி நேரம் பேசினேன்.

பேசி முடித்தபோது பத்திரத்தை நீட்டினார். அவ்வளவு நேரம் என் தம்பி என் தம்பி என்று பேசிவிட்டு, இல்லை சார், அது நான்தான் என்று சொல்ல வரவில்லை. கையெழுத்துப் போட்டேன். வாஹித் என்று. பக்கத்து வீட்டு சின்னக்கருப்பு அண்ணன் சாட்சி.

உன் வேலை இனி நிற்கும். உனக்காகச் செய்தேன் என்று நினைக்காதே. அம்மாவுக்காகவும் இல்லை. யாருக்காக என்று தெரியவில்லை. இனி என்னிடம் ஒன்றும் கேட்காதே. கொடுக்க வேறு எதுவும் இல்லை.

பாசில்


பெரம்பூர்
23 ஜூலை 2025

பாசிலுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இதை மட்டும் எழுதிவிடுகிறேன்.

இன்று காலை நிர்வாகப் பிரிவுத் தலைவரிடம் போய் உண்மையை எழுதிக் கொடுத்துவிட்டேன். நான் வாஹித், பிறந்தது 1992, பாசில் என் தம்பி, பாண்டீஸ்வரன் சொல்வது சரி. ஒரு பக்கம்தான் வந்தது. முப்பத்து மூன்று வயதில் முதல் முறையாக என் சொந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டேன். பழக்கமில்லாததால் கோணலாக வந்தது.

அதிகாரி 28-ஆம் தேதி ஊருக்குக் கிளம்புவதாகச் சொன்னார்கள். அதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். இனி அவர் உன் வீட்டுக்கு வரத் தேவையில்லை. உன்னைப் பொய் சொல்லும்படி கேட்டது ஒரு தவறு. அண்ணனைக் காட்டிக்கொடுக்கும் வேலையை உன் தலையில் வைத்தது இன்னொரு தவறு. இரண்டிலிருந்தும் உன்னை விடுவித்துவிட்டேன்.

ரிஹானாவிடம் சொன்னேன். அவள் அழவில்லை. மகளின் பள்ளிப் படிவத்தில் அப்பா பெயர் என்ன எழுதுவது என்று மட்டும் கேட்டாள். பிறகு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

உனக்கு இனிமேல் உன் பெயர் இருக்கும். அதுவாவது என்னால் முடிந்ததே.

வாஹித்


பெரம்பூர்
28 ஜூலை 2025

பாசில்,

உன் கடிதம் இன்றுதான் வந்தது. அதிகாரி 22-ஆம் தேதியே வந்துவிட்டார் என்று எனக்குத் தெரியாது. அல்லாஹ் மீது ஆணையாகத் தெரியாது. நான் உண்மையைச் சொன்னதால் நீ போட்ட கையெழுத்து பொய்க் கையெழுத்தாகிவிட்டது. அந்தப் பத்திரத்தைத் திருப்பிக் கேட்டேன். கோப்பில் சேர்த்தாகிவிட்டது என்றார்கள். தம்பியை நான்தான் வற்புறுத்தினேன் என்று எழுதித் தருவதாகச் சொன்னேன். எழுதிக் கொடுங்கள், அதையும் சேர்க்கிறோம் என்றார்கள்.

போன் எடு. பர்வீனையாவது எடுக்கச் சொல்.

வாஹித்


கோட்டையூர்
19 ஆகஸ்ட் 2025

அண்ணே,

போலீஸ் வருவதற்கு முன் அம்மாவிடம் நானே சொல்லிவிட்டேன். அவள் எழுந்து போய் அத்தாவின் சட்டைகளை எடுத்து மறுபடி மடித்து வைத்தாள். எல்லாவற்றையும்.

ஸ்டேஷனில் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்கள். என் பொய் 22-ஆம் தேதி. உன் உண்மை 23-ஆம் தேதி. நான் ஒரு நாள் தாமதித்திருந்தாலோ நீ ஒரு நாள் முந்தியிருந்தாலோ எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. நீ பொய் சொன்னபோது என்னிடமிருந்து எடுத்தார்கள். நீ உண்மை சொன்னபோதும் என்னிடமிருந்துதான் எடுக்கிறார்கள்.

லைசென்ஸை வாங்கிக்கொண்டார்கள். அது வாஹித் என்பவரின் லைசென்ஸ், நான் வாஹித் இல்லை. பாசிலுக்கு வண்டி ஓட்ட உரிமம் கிடையாது. குட்டியானை வீட்டு வாசலில் நிற்கிறது. பர்வீன் கல்யாணப் பதிவை எடுத்துக்கொண்டு ஜமாஅத்துக்குப் போனாள். இதைத் திருத்த கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும் என்றார்களாம். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழிலும் அப்பா பெயர் வாஹித். அவர்கள் உன் பிள்ளைகளாக இருக்கிறார்கள். உன் மகள் என் மகளாக இருக்கிறாள்.

பாண்டீஸ்வரன் ஸ்டேஷனுக்கு வந்திருந்தான். தேவகோட்டையில் மெக்கானிக் வேலை பார்க்கிறான். "ஒங்க அண்ணன் மேலதான் போட்டேன், ஒன்னைய நெனைக்கலடா" என்றான். அவனுக்கும் தோன்றவில்லை. யாருக்கும் தோன்றாது. காளிராஜ் மாஸ்டர் பெயரை நான் இரண்டு முறை சொன்னேன். அவர்மேல் எதுவும் எழுதவில்லை. அவர் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லையாம்.

எழுதிக்கொண்டிருந்த ரைட்டர் தலையைத் தூக்காமல் பெயர் என்ன என்றார். பாசில் என்றேன். தகப்பன் பெயர் ஜமால் முகம்மது. வயது முப்பது. அரசாங்கத் தாளில் என் பெயரும் என் வயதும் சரியாக ஏறியது, பன்னிரண்டு வயதுக்குப் பிறகு அன்றைக்குத்தான். இரண்டாவது குற்றவாளி என்பதற்கு எதிரில். முதல் குற்றவாளி நீ. வாஹித் என்று சரியாகப் போட்டிருக்கிறார்கள்.

ரைட்டர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "முப்பதா? பாத்தா நாப்பது மாதிரியில்ல இருக்க" என்றார். மறுபடி ஒருமுறை ஆதாரமெல்லாம் கேட்டுவிட்டு முப்பது என்றே விட்டார்.

செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி காரைக்குடி கோர்ட்டில் இரண்டு பேரும் நிற்க வேண்டும். அம்மா உன்னை அதற்கு ஒரு வாரம் முன்னாலேயே வீட்டுக்கு வரச் சொல்கிறாள். எழுது எழுது என்று நச்சரித்தாள், எழுதிவிட்டேன். கூப்பிடுவது அவள். நான் கூப்பிடவில்லை.

பாசில்